பேயுடன் ஒரு குடித்தனம்

ரெக்ஸ் ஹாரிஸன் என்றதும் 'மை ஃபேர் லேடி' பார்த்தவர்களுக்குப் புரொபசர் ஹிக்கின்ஸ் ஞாபகத்துக்கு வருவார். 1964ல் வந்த அந்தப் படத்துக்காக ஆஸ்கர் வாங்கிய மனுஷன். அதற்குச் சுமார் இருபது வருஷம் முன்னால் இவர் அடுத்தடுத்து இரண்டு ஆவிப் படங்களில் நடித்திருக்கிறார். 1945ல் வந்த 'ப்ளைத் ஸ்பிரிட்'டில், செத்துப்போன முதல் மனைவி திரும்பி வந்து இவர் உயிரை வாங்குகிறாள். 1947ல் வந்த 'தி கோஸ்ட் அண்ட் மிஸஸ் மியூர்' படத்தில் இவரே ஆவி. இவர் வீட்டுக்கு ஒரு விதவை குடிவருகிறாள்.

இரண்டு படத்திலும் யாரும் வீறிட்டு அலறுவதில்லை. கொலுசுச் சத்தம் கிடையாது. கேமரா திடீரென்று முகத்துக்கு நேராகப் பாய்வதில்லை. பேச்சுதான், வளவளவென்று பேச்சு. சண்டை, கிண்டல், கோபித்துக்கொண்டு மறைந்து போவது, மறுபடி வந்து நிற்பது. சுருக்கமாக, குடித்தனம்.

நம் ஊர்ப் பேய்க்கு இந்த மாதிரி வெட்டிப் பேச்சுக்கெல்லாம் நேரம் கிடையாது. அதற்கு ஒரு கணக்குத் தீர்க்க வேண்டியிருக்கிறது. பழையனூர் நீலி காலத்திலிருந்து இதுதான் நடைமுறை. 'காஞ்சனா', 'அரண்மனை' வகையறாக்களில் தியேட்டரே சிரித்தது, வாஸ்தவம். ஆனால் சிரிப்பு முதல் பாதி; இடைவேளைக்குப் பிறகு ஃப்ளாஷ்பேக், அநியாயம், பழி. 1979ல் வந்த 'கல்யாணராமன்' ஓரளவு விதிவிலக்கு. அதில் வரும் பல் எடுப்பான கல்யாணத்தின் ஆவியைப் பார்த்தால் பயத்தைவிடப் பாவமாக இருக்கும். ஆனால் அங்கேயும் கடைசியில் வில்லன்களைத் தேடித் தம்பி உடம்புக்குள் புகுந்தாக வேண்டியிருந்தது.

நான் சொல்ல வந்த படங்களில் ஆவிக்குப் பழி வாங்க யாரும் இல்லை. இருப்பது ஒரே ஒரு சிக்கல்: செத்த பிறகும் பிரியம் போகவில்லை. இதை வைத்துக்கொண்டு எப்படிச் சிரிக்க வைக்கிறார்கள்?

'ப்ளைத் ஸ்பிரிட்' முதலில் நாடகம். எழுதியவர் நோயல் கோவர்ட். 1941ல் வேல்ஸில் ஒரு கடலோரக் கிராமத்துக்குப் போய் உட்கார்ந்து ஒரு வாரத்துக்குள் எழுதி முடித்துவிட்டார். (சில பேருக்கு வாரப் பத்திரிகைக்கு ஒரு பக்கம் எழுதவே அத்தனை நாள் ஆகிறது.) அந்த ஜூலையில் லண்டனில் அரங்கேற்றம். ஜெர்மன் விமானங்கள் எட்டு மாதமாகக் குண்டு போட்டு ஓய்ந்திருந்த சமயம். தியேட்டர் வாசலில் இடிபாடு. அதன் மேல் பலகை போட்டு, பலகை மேல் நடந்து உள்ளே போனார்கள் ஜனங்கள். உள்ளே மேடையில் சாவைப் பற்றி ஒரு காமெடி! இதைப் போய் ரசிப்பார்களா என்று கேட்டால், லண்டனில் அது ஓடியது 1,997 காட்சிகள். வீட்டுக்கு வீடு ஒரு சாவு இருந்த ஊரில், சாவு ஒரு முடிவான கதவு இல்லை, தட்டினால் திறக்கும், திறந்தால் அந்தப் பக்கத்திலிருந்து வருகிற ஆசாமி பழைய அழுக்குக் குணம் மாறாமலே வருவான் என்று ஒருவர் சொன்னது அந்த ஜனங்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

கதை சின்னது. சார்ல்ஸ் ஓர் எழுத்தாளர். போலி மந்திரவாதி ஒருவரை வைத்துக் கதை எழுத, குறிப்பு எடுப்பதற்காக மேடம் அர்காத்தி என்ற அம்மாளை வீட்டுக்குக் கூப்பிட்டு ஆவியை அழைக்கச் சொல்கிறார். அர்காத்தி சைக்கிளில் வந்து இறங்குகிறார். மார்கரெட் ரூதர்ஃபோர்டு அந்தப் பாத்திரத்தில் செய்திருக்கும் அட்டகாசத்துக்கே படத்தைப் பார்க்கலாம். விளையாட்டாகக் கூப்பிட்டால் நிஜமாகவே வந்துவிடுகிறாள் முதல் மனைவி எல்வைரா. அவள் செத்ததே ஒரு கூத்து: நிமோனியாவிலிருந்து தேறி வரும்போது பி.பி.சி. ரேடியோ நிகழ்ச்சியைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்து, ஹார்ட் அட்டாக்.

எல்வைரா சார்ல்ஸ் கண்ணுக்கு மட்டும்தான் தெரிவாள். இரண்டாவது மனைவி ரூத்துக்குத் தெரியாது. இதுதான் இந்தப் படங்களுக்கெல்லாம் என்ஜின். எல்வைராவைப் பார்த்து 'வாயை மூடு' என்று சார்ல்ஸ் கத்தினால் அது எதிரே உட்கார்ந்திருக்கும் ரூத்தின் முகத்தில் போய் அறைகிறது. சிரிக்கிறோம். ஆனால் கொஞ்சம் ரூத்தின் நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். மறுதாரமாக வாழ்க்கைப்பட்ட எந்தப் பெண்ணுக்கும் இந்தச் சங்கடம் புரியும். புருஷன் தன்னோடு பேசும்போது வேறு யாரிடமோ பேசிக்கொண்டிருக்கிறான். வீட்டில் ஒவ்வொரு பொருளிலும் பழையவள் இருக்கிறாள், தனக்கு மட்டும் கண்ணில் படுவதில்லை. கோவர்ட் செய்ததெல்லாம் அதை அப்படியே எழுத்துக்கு எழுத்து மேடையில் நிறுத்தியதுதான்.

படத்தை எடுத்தவர் டேவிட் லீன். பின்னால் 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' எடுத்தாரே, அவரேதான். எல்வைராவாக நடித்த கே ஹாமண்டுக்கு உடம்பெல்லாம் பச்சைச் சாயம் பூசி, உதட்டுக்கு மட்டும் சிவப்பு அடித்து, நடுவீட்டில் நடமாட விட்டார். படத்துக்கு ஸ்பெஷல் எஃபெக்ட்ஸ் ஆஸ்கர் கிடைத்தது. க்ளைமாக்ஸை மட்டும் மாற்றினார். நாடகத்தில் சார்ல்ஸ் இரண்டு பெண்டாட்டிகளின் ஆவியிடமிருந்தும் தப்பித்து ஊரைவிட்டு ஓடுவான். படத்தில் அவனும் செத்து, இருவருக்கும் நடுவில் வந்து உட்காருகிறான். கோவர்டுக்கு இது பிடிக்கவில்லை. எனக்குப் பிடித்திருக்கிறது. ஓடிப்போவதற்கு அந்த ஆள் அப்படி என்ன நல்லவன்? (2020ல் இதை ஜூடி டென்ச்சை வைத்து மறுபடி எடுத்தார்கள். பார்க்காவிட்டால் நஷ்டமில்லை.)

இப்போது மிஸஸ் மியூரிடம் வருவோம். இந்தக் கட்டுரையே அந்த அம்மணிக்காகத்தான்.

லூசி மியூர். கணவன் செத்து ஒரு வருஷம். மாமியாரும் நாத்தனாரும் இருக்கும் லண்டன் வீட்டில், எதற்கெடுத்தாலும் அனுமதி கேட்டுக்கொண்டு காலம் தள்ளுகிறாள். காலம் 1900வாக்கில். ஒரு நாள், நான் தனியாகப் போகிறேன் என்று சொல்லிவிட்டுச் சின்னப் பெண் அன்னாவையும் வேலைக்கார அம்மாள் மார்த்தாவையும் அழைத்துக்கொண்டு கடற்கரை ஊருக்குக் கிளம்பிவிடுகிறாள். அங்கே ஒரு வீடு வாடகைக்கு. ஏஜெண்ட், 'அது வேண்டாம்மா, வேற காட்டறேன்' என்று மென்று முழுங்குகிறார். லூசிக்கு அந்த வீடுதான் பிடித்திருக்கிறது. பேய் இருக்கிறது என்று தெரிந்த பிறகு இன்னும் பிடித்துப்போகிறது.

அந்த இடத்தைக் கவனியுங்கள். எந்தப் பேய்ப் படத்திலும் பார்வையாளர்கள் கேட்கும் கேள்வி, 'பேய் இருக்குன்னு தெரிஞ்சும் ஏன் அந்த வீட்டைவிட்டுப் போக மாட்டேங்கிறாங்க?' என்பதுதான். மிஸஸ் மியூரிடம் அதற்குப் பதில் இருக்கிறது. போவது என்றால் மாமியார் வீட்டுக்குத்தான் போக வேண்டும். அதற்குப் பேய் எவ்வளவோ தேவலை.

பேயின் பெயர் கேப்டன் டேனியல் க்ரெக். தாடிக்கார மாலுமி. வாயைத் திறந்தால் வசவு. தூக்கத்தில் கேஸ் அடுப்பைக் காலால் தட்டிவிட்டுச் செத்தவர். ஊரார் அதைத் தற்கொலை என்று எழுதிவைத்துவிட்டதில் பயங்கரக் கோபம். முதல் சந்திப்பு சமையலறையில். மெழுகுவத்தி அணைகிறது, அவள் மறுபடி ஏற்றுகிறாள், மறுபடி அணைகிறது. வேறொரு பெண்ணாக இருந்தால் மூர்ச்சை. இவள் இருட்டைப் பார்த்து, பெண்பிள்ளையைப் பயமுறுத்துவது பெரிய வீரமா, வெளியே வா, என்று அதட்டுகிறாள். பேய் ஆடிப்போகிறது. வெளியே வருகிறது.

அப்புறம் பேச்சுவார்த்தை. நீ தங்கிக்கொள், ஆனால் என் படத்தைப் படுக்கை அறையில் மாட்டி வை. சரி. வாசலில் இருந்த மரத்தை வெட்டிவிட்டு அவள் ரோஜாச் செடி வைக்க, அது தன் கையால் நட்ட மரம் என்று கேப்டன் குதிக்கிறார். 'லூசி' என்ற பெயர் எவன் வேண்டுமானாலும் மிதித்துவிட்டுப் போகிற பெயர், இனிமேல் நீ 'லூசியா', அது ராணியின் பெயர் என்கிறார். கல்யாணம் ஆன கதையைக் கேட்கிறார். அப்போதுதான் படித்து முடித்த ஒரு நாவலில் தோட்டத்தில் முத்தம் கொடுத்தான், சுபமாக முடிந்தது. இவனும் தோட்டத்தில் முத்தம் கொடுத்தான், கட்டிக்கொண்டேன் என்கிறாள் லூசி. இந்தக் கேள்வியை உயிரோடு இருந்த யாரும் அவளிடம் கேட்டிருக்க மாட்டார்கள்.

எனக்குத் தோன்றுவது இதுதான். இந்தப் படங்களின் கவர்ச்சி முழுக்க ஒரு சின்ன விதியில் இருக்கிறது: தொட முடியாது. சாதாரணக் காதல் படத்தில் நாயகனும் நாயகியும் சேர்வதற்கு ஏதாவது தடை வேண்டும். அந்தஸ்து, ஜாதி, அப்பா, வெளிநாட்டு மாப்பிள்ளை. எந்தத் தடையாக இருந்தாலும் கடைசி ரீலில் தாண்டிவிடலாம் என்று நமக்குத் தெரியும். சாவைத் தாண்ட முடியாது. முத்தம் கிடையாது, டூயட் கிடையாது, மழையில் நனைவது கிடையாது. இரண்டு பேருக்கும் மிச்சம் இருப்பது வாய் மட்டும்தான். அதனால் திரைக்கதை ஆசிரியர் கஷ்டப்பட்டு நல்ல வசனம் எழுதியே ஆக வேண்டியிருக்கிறது. இந்தப் படத்துக்கு எழுதியவர் ஃபிலிப் டன். இயக்கியவர் ஜோசப் எல். மான்கிவிச்; பேசுகிற படங்களில் அவரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை.

தொட முடியாது என்பதில் இன்னொரு வசதி. கேப்டன் படுக்கை அறையிலேயே இருக்கிறார். லூசி உடை மாற்றும்போது அவர் படத்தைப் போர்வையால் மூடுகிறாள். விளக்கை அணைத்த பிறகு இருட்டிலிருந்து அவள் உடற்கட்டைப் பாராட்டி ஒரு குரல் வருகிறது! ஒரு விதவையின் படுக்கை அறையில் ஓர் ஆண்பிள்ளையை வருஷக்கணக்கில் குடிவைத்து, 1947ன் ஹாலிவுட் சென்சாரை ஒரு வார்த்தை பேச விடாமல் செய்திருக்கிறார்கள். செத்தவன் மேல் என்ன கேஸ் போட முடியும்?

படத்தின் நடுப்பகுதிதான் எனக்கு உச்சம். லூசியின் வருமானம் நின்றுபோகிறது. அவள் கணவன் விட்டுப்போன தங்கச் சுரங்க ஷேரில் இனி ஒன்றும் வராது. மாமியாரும் நாத்தனாரும் அழைத்துப்போக வந்துவிடுகிறார்கள். லூசி கேப்டனிடம் சொல்வதையெல்லாம் நாத்தனார் தனக்குச் சொன்னதாக எடுத்துக்கொள்ள, அதே பழைய என்ஜின், அபாரமாக ஓடுகிறது. வந்தவர்களைக் கேப்டன் துரத்தியடித்துவிட்டு ஒரு யோசனை சொல்கிறார்: நான் என் கப்பல் வாழ்க்கையைச் சொல்கிறேன், நீ டைப் அடி, புத்தகமாகப் போடு. இவர் சொல்லச் சொல்ல அவள் தட்டுகிறாள். ஓர் இடத்தில் ஒரு கெட்ட வார்த்தை. அடிக்க மாட்டேன் என்கிறாள். அதுதான் சரியான வார்த்தை என்கிறார். முறைப்பு. பிறகு மெஷினில் ஒவ்வொரு எழுத்தாக, டக், டக், டக், டக். நான்கு தட்டு. என்ன வார்த்தை என்று படத்தில் யாரும் சொல்வதில்லை. நான் பார்த்த காதல் காட்சிகளில் இதற்குப் பக்கத்தில் வைக்க அதிகம் இல்லை. புத்தகம் அமோகமாக விற்கிறது. அந்தப் பணத்தில் வீடு அவளுடையதாகிறது.

இந்தக் கதையின் மூல நாவல் 1945ல் வந்தது. எழுதியவர் பெயர் ஆர்.ஏ. டிக் என்று அட்டையில் போட்டிருக்கும். நிஜத்தில் அது ஜோசஃபின் லெஸ்லி என்ற பெண்மணி. ஒரு பெண் ஆண் பெயருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, ஓர் ஆணின் ஞாபகங்களைப் பெண் எழுதித் தருவதாகக் கதை எழுதியிருக்கிறாள். யுத்தம் முடிந்து இரண்டே வருஷத்தில் படம் வெளிவந்தது. பார்த்த கூட்டத்தில் நிறைய நிஜ லூசிகள் இருந்திருப்பார்கள். வீட்டுக்கு வந்த தந்தியை இன்னும் மடித்து வைத்திருந்தவர்கள்.

ஆனால் எனக்கு இந்தப் படத்தோடு ஒரு பெரிய சண்டை உண்டு.

புத்தகத்தை வெளியிடப் போன இடத்தில் லூசி ஓர் எழுத்தாளனைச் சந்திக்கிறாள். ஜார்ஜ் சாண்டர்ஸ், அவர் வந்து நின்றாலே இவன் அயோக்கியன் என்று தெரிந்துவிடும். குழந்தைகளுக்குக் கதை எழுதுகிறான், பெரியவர்களுக்குக் கதை விடுகிறான். லூசி மயங்கிவிடுகிறாள். கேப்டன் என்ன செய்கிறார்? உயிரோடு இருப்பவள் உயிரோடு இருப்பவனோடுதான் வாழ வேண்டும் என்று முடிவெடுக்கிறார். அவள் தூங்கும்போது பக்கத்தில் வந்து நின்று, நான் வந்ததெல்லாம் கனவு, அந்தப் புத்தகத்தை நீயேதான் எழுதினாய் என்று ஓதிவிட்டு, நாம் சேர்ந்து பார்த்திருக்கக்கூடிய கடல்களையும் துறைமுகங்களையும் பற்றி ஒரு பெருமூச்சோடு பேசிவிட்டுக் கிளம்பிவிடுகிறார். பெர்னார்ட் ஹெர்மனின் இசை வேறு பின்னால் அலை மாதிரி வந்து வந்து போகிறது. கண் கலங்காமல் அந்தக் காட்சியைப் பார்க்க முடியாது. நானும் கலங்கினேன்.

கலங்கி முடித்த பிறகு கேட்கத் தோன்றுகிறது: யார் ஐயா உமக்கு அதிகாரம் கொடுத்தது? அவளுக்கு இருந்ததே அந்தக் கொஞ்ச ஞாபகம். அதையும் தூக்கத்தில் எடுத்துக்கொண்டு போக நீர் யார்? மாமியார் அவளைக் கேட்காமல் முடிவெடுத்தாள். நாத்தனார் கேட்காமல் முடிவெடுத்தாள். 'லூசியா' என்று ராணிப் பெயர் வைத்தவரும் கடைசியில் அதையேதான் செய்கிறார். அதற்குப் பெயர் தியாகம்! அந்த அயோக்கியனுக்கு ஏற்கெனவே பெண்டாட்டி பிள்ளைகள் இருப்பது பிறகு தெரிகிறது. கேப்டன் பூட்டிவிட்டுப் போன கதவைத் திறக்க லூசிக்கு வழி தெரியவில்லை. அதற்கப்புறம் வருஷக்கணக்கில் தனியாகக் கடற்கரையில் நடக்கிறாள்.

இந்த வகைப் படங்களை வரிசையாகப் பார்த்தால் இது ஒரு வியாதி மாதிரி தொற்றியிருப்பது தெரியும். 1943ல் வந்த 'எ கை நேம்ட் ஜோ'வில் செத்துப்போன விமானி, தன் காதலி இன்னொருவனோடு சேர்வதற்கு வழிவிட்டுப் போகிறான். அதையே ஸ்பீல்பெர்க் 1989ல் 'ஆல்வேஸ்' என்று திரும்ப எடுத்தார். ஆட்ரி ஹெப்பர்ன் நடித்த கடைசிப் படம் என்பதைத் தவிர அதில் சொல்ல ஒன்றுமில்லை. 1990ன் 'கோஸ்ட்' உங்களுக்குத் தெரியும். அதிலும் பாட்ரிக் ஸ்வேஸி வெளிச்சத்துக்குள் நடந்து போகிறார், டெமி மூர் அழுதுகொண்டே நிற்கிறார். 'கோஸ்ட்'டில் தொட முடியாத விதியை மீறப் பார்த்தார்கள். வூப்பி கோல்ட்பர்க் தன் உடம்பை ஒரு பாட்டு நேரத்துக்கு ஆவிக்கு வாடகைக்கு விடுகிறார். டெமி மூரின் கை வூப்பியின் கையைத் தொடுவதைக் காட்டிவிட்டு, கேமரா பயந்துபோய் ஸ்வேஸியைக் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறது. தைரியமாக வூப்பியையே விட்டிருந்தால் அந்தக் காட்சி எங்கேயோ போயிருக்கும்.

2005ல் வந்த 'ஜஸ்ட் லைக் ஹெவன்' அழுகுணி ஆட்டம். ரீஸ் விதர்ஸ்பூன் ஆவியாக வந்து மார்க் ரஃபலோவின் ஃப்ளாட்டில் சண்டை போடுகிறார். நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது, அவர் சாகவே இல்லை, ஆஸ்பத்திரியில் கோமாவில் இருக்கிறார் என்கிறார்கள். அப்புறம் என்ன, எழுப்பிவிட்டுக் கல்யாணம் செய்துகொள்ள வேண்டியதுதானே.

கேப்டன் க்ரெக்கின் தப்பைப் புரிந்துகொண்டு எடுத்த மாதிரி எனக்குத் தெரிவது ஒரு படம்: 'ட்ரூலி மேட்லி டீப்லி'. இதுவும் 1990தான். அந்தோனி மிங்கெல்லாவின் முதல் படம், பி.பி.சி.க்காகச் சின்ன பட்ஜெட்டில் எடுத்தது. நீனாவின் காதலன் ஜேமி செத்துவிட்டான். அவள் அழுகிற அழுகை சினிமா அழுகை இல்லை. மூக்கு ஒழுக, முகம் கோணி, பார்க்கிறவர்கள் தர்மசங்கடப்படும்படி அழுகிறாள் ஜூலியட் ஸ்டீவன்சன். ஒரு நாள் அவள் பியானோ வாசிக்கும்போது பின்னால் செல்லோ கேட்கிறது. ஜேமி திரும்பி வந்துவிட்டான். ஆலன் ரிக்மன்.

முதல் இரண்டு நாள் சொர்க்கம். மூன்றாம் நாளிலிருந்து குடித்தனம் ஆரம்பிக்கிறது. செத்தவர்களுக்குக் குளிருமாம், ஹீட்டரை ஏற்றி வைத்துவிட்டு அவளை வேக வைக்கிறான். வீட்டில் மேஜை நாற்காலியை இடம் மாற்றுகிறான். பிறகு கூட்டாளி ஆவிகளை ஒவ்வொன்றாக அழைத்து வருகிறான். அவர்கள் ஹாலில் படுத்துக்கொண்டு ராத்திரி முழுக்க வீடியோவில் பழைய படம் பார்க்கிறார்கள். எந்தப் படம் போடுவது என்று ஓட்டெடுப்பு வேறு. வீட்டில் இருந்த எலியெல்லாம் ஓடிவிட்டதுதான் ஒரே லாபம். நீனாவுக்கு ஒரு நாள் பொறுமை போய்விடுகிறது. நீ எப்பவுமே இப்படித்தான் இருந்தாயா என்கிற மாதிரி கேட்கிறாள்.

இழந்தவர்கள் யாரும் வெளியே சொல்லாத கேள்வி அது. போனவர் திரும்பி வந்துவிடக் கூடாதா என்று ராத்திரி பகலாக ஏங்குகிறோம். நிஜமாகவே வந்து, ஈரத்துண்டைக் கட்டில் மேல் போட்டுவிட்டு, பழைய குறட்டையோடு படுத்துக்கொண்டால்? ஜேமி வேண்டுமென்றேதான் இத்தனை தொந்தரவும் கொடுக்கிறான் என்று கடைசியில் நாம் ஊகிக்கலாம். அதுவும் ஒரு தந்திரம்தான். ஆனால் கேப்டன் மாதிரித் தூக்கத்தில் ஓதிவிட்டுப் போகவில்லை. அவள் கண்ணைத் திறந்துகொண்டு, கோபப்பட்டு, யோசித்து, தானே வெளியே போகிறாள். அந்த மரியாதையை அவளுக்குக் கொடுக்கிறான்.

வெள்ளைக்காரர்களின் ஆவிகள்தான் இப்படி விட்டுக்கொடுத்துக்கொண்டே இருக்கின்றன. பிரேசிலில் கதை வேறு. ஜார்ஜ் அமாடோவின் நாவலை வைத்து 1976ல் எடுத்த 'டோனா ஃப்ளோர் அண்ட் ஹர் டூ ஹஸ்பெண்ட்ஸ்' படத்தில், சூதாடி, குடிகாரன், ஆனால் கட்டிலில் கெட்டிக்காரனான முதல் புருஷன் கார்னிவலில் ஆடிக்கொண்டே செத்துவிடுகிறான். ஃப்ளோர் ஒழுக்கமான மருந்துக்கடைக்காரர் ஒருவரைக் கட்டிக்கொள்கிறாள். முதலாமவன் திரும்பி வருகிறான், ஒட்டுத்துணி இல்லாமல். தொட முடியாது என்ற விதியெல்லாம் அந்த ஊர்ப் பேய்க்குத் தெரியாது. கடைசியில் ஃப்ளோர் இரண்டு பேரையும் வைத்துக்கொள்கிறாள். சர்ச்சிலிருந்து மூவரும் கைகோத்து நடந்து வருகிறார்கள், ஒருவர் மட்டும் பிறந்த மேனியாக. அமெரிக்காக்காரர்கள் இதை 1982ல் 'கிஸ் மீ குட்பை' என்று எடுத்து, ஆவிக்கு டிரஸ் போட்டுவிட்டார்கள். உயிர் போய்விட்டது.

தாய்லாந்தில் மே நாக் என்று ஒரு பழங்கதை. புருஷன் யுத்தத்துக்குப் போயிருக்கும்போது பிரசவத்தில் செத்தவள், அவன் திரும்பி வந்ததும் உயிரோடு இருப்பவள் மாதிரியே சமைத்துப்போட்டுக் குடும்பம் நடத்துகிறாள். மாடியிலிருந்து எலுமிச்சம்பழம் கீழே விழ, கையை நீளமாக நீட்டி அவள் எடுப்பதைப் பார்த்துவிட்டு அவன் ஓடுகிறான். இன்றைக்கும் பாங்காக்கில் அவளுக்கு ஒரு கோயில் இருக்கிறது. வழக்கமான முடிவில் சாமியார்கள் வந்து அவளை அடக்குவார்கள். 2013ல் இதையே காமெடியாக 'பீ மாக்' என்று எடுத்தார்கள். புருஷனும் நாலு சிநேகிதர்களும். சிநேகிதர்கள் பயந்து சாகிறார்கள். புருஷனுக்குத்தான் ஒன்றுமே தெரியவில்லை என்று நினைத்துச் சிரித்துக்கொண்டிருக்கிறோம். கடைசியில், எனக்கு முன்பே தெரியும், ஆனால் இவள் இல்லாமல் இருப்பதுதான் எனக்குப் பயம் என்கிறான். தாய்லாந்தில் அதுவரை வந்த எந்தப் படமும் அவ்வளவு வசூலித்ததில்லை. ஒரு பெண் பேயைப் பார்த்துப் புருஷன் 'இருந்துட்டுப் போ' என்று சொல்வதற்கு ஒரு காமெடிப் படம் வேண்டியிருந்தது.

நம் நாட்டில் கேட்டால் ராஜஸ்தானில் இருக்கிறது பதில். விஜய்தான் தேத்தா எழுதிய 'துவிதா' என்ற கதை. நாட்டுப்புறக் கதையிலிருந்து எடுத்தது. கல்யாணமான கையோடு வியாபாரத்துக்குப் போய்விடுகிறான் செட்டி வீட்டுப் பிள்ளை. அவன் உருவத்தில் வருகிறது அவள் மேல் ஆசைப்பட்ட ஒரு பேய். ஏமாற்றி உள்ளே நுழைந்திருக்கலாம். ஆனால் அவளிடம் மட்டும் உண்மையைச் சொல்லிவிட்டு, இருக்கட்டுமா, போகட்டுமா என்று கேட்கிறது. அவள் வாழ்க்கையில் அவளுடைய சம்மதத்தைக் கேட்ட முதல் ஆள் ஒரு பேய். இதை மணி கௌல் 1973ல் படமாக எடுத்தார். ஷாரூக் கானை வைத்து அமோல் பாலேகர் 2005ல் 'பஹேலி' என்று எடுத்தார். கதையில் பேயைத் தோல்பையில் பிடித்து அடைத்துவிடுவார்கள். அவள் நிஜப் புருஷனோடு மிச்ச வாழ்க்கையை ஓட்ட வேண்டும். 'பஹேலி'யில் பேய் தப்பித்துப் புருஷன் உடம்புக்குள் வந்துவிடுகிறது. பாலேகரைக் குறை சொன்னவர்கள் உண்டு. டிக்கெட் வாங்கியவர்களை அழ வைத்து அனுப்ப அவருக்கு மனசு வரவில்லை. ராணி முகர்ஜி அந்த முகத்தோடு நின்றால் எனக்கும் வந்திருக்காது.

கேப்டன் க்ரெக்குக்கும் மான்கிவிச் ஒரு சின்னத் தண்டனை வைத்திருக்கிறார். அன்னா வளர்ந்து பெரியவளாகி, மாப்பிள்ளை பார்த்துக்கொண்டு அம்மாவிடம் வருகிறாள். பேச்சுவாக்கில், சின்ன வயசில் கேப்டனோடு பேசிக்கொண்டிருப்பேன் என்கிறாள். லூசி அதிர்ந்துபோய் மகளைப் பார்க்கிறாள். தனக்குக் கனவு, மகளுக்கும் அதே கனவா? அம்மாவிடமிருந்து எடுத்துக்கொண்டு போனதைக் குழந்தையிடமிருந்து எடுக்க மனுஷன் மறந்துவிட்டார்.

கடற்கரையில் ஒரு மரக்கம்பம் இருக்கிறது. அன்னா குழந்தையாக இருந்தபோது அவள் பெயரை அதில் செதுக்கியிருப்பார்கள். வருஷங்கள் ஓடுவதைக் காட்ட மான்கிவிச் அதை மட்டும் காட்டுகிறார். அலை அடிக்கிறது, எழுத்து மங்குகிறது, கம்பம் சாய்கிறது. லூசிக்குத் தலை நரைத்துவிட்டது. மார்த்தா பால் கொண்டுவந்து வைத்துவிட்டு, குடிக்கச் சொல்லி அதட்டிவிட்டுப் போகிறாள். நாற்காலியில் உட்கார்ந்தபடியே டம்ளர் கையிலிருந்து நழுவுகிறது. கேப்டன் வந்து நிற்கிறார். வந்தவர் வாயில் ஒரு வசவும் இல்லை. இரண்டு கையையும் நீட்டுகிறார். லூசி எழுந்து அந்தக் கைகளைப் பிடிக்கிறாள். படத்தில் அவர்கள் தொட்டுக்கொள்வது அந்த ஒரு தடவைதான்.